கூடுதல் ஓட்டு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் கலைக்களஞ்சியத்தின் எல்லாத் தொகுதிகளும் சொல்பவன் தலையிலேயே விழட்டும். டீச்சரம்மா மேஜையைத் தட்டிய தட்டில், மின்சாரம் போயிருந்த நூலக அறையில் மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சுவரிலிருந்த ‘அமைதி காக்கவும்’ பலகை ஆணியோடு கீழே விழுந்தது. அதை எடுத்து மாட்ட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

“ஆறு மணிக்கு மேல நூலகம் எதுக்கு? வீட்டுக்குப் போக மனசில்லாத ஆம்பளைங்க வந்து காத்து வாங்கறதுக்கா?”

“வீட்டுல நிம்மதியாப் படிக்க முடிஞ்சா அவன் ஏன் டீச்சர் இங்க வர்றான்?” என்றார் நூலகக் குழுத் தலைவர்.

“பொண்ணுங்க இருட்டுல எப்படிப் போவாங்க?”

“தெருவிளக்கு போடச் சொல்லிக் கேப்போம்.”

“கேப்பீங்க, கேப்பீங்க. சொன்னது எதைத்தான் செஞ்சு கிழிச்சிருக்கீங்க?”

நூலகர் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து மாதம்தான் ஆகிறது. வந்த நாளிலிருந்து நூலகக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் இதே சண்டை. இரவு ஒன்பது வரை திறந்து வைப்பதா, வேண்டாமா? இன்று முடிவெடுத்து அடுத்த ஆண்டுத் திட்டத்தை அனுப்பியாக வேண்டும். தவறினால் இன்னும் ஓர் ஆண்டுக்கு ஆறு மணிக்கே பூட்டு.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வருகிறவர்கள் தினமும் பூட்டிய கதவின் கண்ணாடி வழியே, பந்திக்குப் பிந்தியவர்கள் மாதிரிப் புத்தகங்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நேற்று, தையல் ஆலையில் வேலை செய்துகொண்டே பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண், “சார், நீங்க பூட்டும்போதுதான் எனக்கு விடியுது” என்றாள். அந்தச் சொல் அவர் சட்டைக்குள் கட்டெறும்பாக ஊர்ந்துகொண்டிருந்தது.

“ஏழரை வரைக்கும்னு வெச்சா...” என்று இழுத்தார்.

“நடுவுல பேசாதீங்க!” என்றார்கள் தலைவரும் டீச்சரம்மாவும் ஒரே குரலில். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

குழுவில் ஓட்டுள்ளவர்கள் நாலு பேர். மருந்துக்கடைக்காரர் தலைவர் பக்கம், கான்ட்ராக்டர் டீச்சரம்மா பக்கம். எப்போது கை தூக்கினாலும் இரண்டுக்கு இரண்டு. அப்படிச் சமமாக நின்றால் தலைவர் கூடுதலாக ஓர் ஓட்டுப் போட்டு முடித்துவிடலாம் என்று விதி இருக்கிறது. தலைவர் அதைத் தொட்டதே இல்லை.

“இன்னிக்காவது அந்த ஓட்டைப் போட்டுருங்க சார்,” என்று அவர் காதோடு கெஞ்சினார் நூலகர்.

“அந்தம்மாவை அப்படி ஜெயிக்கறது அழகில்ல தம்பி. இத்தனை நாள் பொறுத்தாச்சு, இன்னொரு வருஷம் பொறுக்க மாட்டாங்களா?”

நூலகர் பதில் சொல்வதற்குள் டீ வந்தது.

“தலைவருக்குச் சர்க்கரை போடாதப்பா,” என்றார் டீச்சரம்மா, டீ கொண்டுவந்தவரிடம். “அவர் பேச்சுலயே தேன் ஒழுகுது, அது போதும்.”

மருந்துக்கடைக்காரர் சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கினார். தலைவர் தனக்கு வந்த டீயை மறுபேச்சில்லாமல் குடித்தார்.

இதுதான் சமயமென்று நூலகர் கான்ட்ராக்டரை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“சார், ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் கையத் தூக்குங்க.”

“ஐயையோ! எனக்கு மூணாங்கிளாஸ் எடுத்தவங்க அவங்க. பாத்தாலே கை தானாக் கட்டிக்குது.”

“ஊர்ல பாதிப் பாலம் நீங்க கட்டினது. ஒரு டீச்சருக்கா பயப்படறீங்க?”

“பாலம் அடிக்காதே சார்! அதுவுமில்லாம பெரியவங்க சண்டை இது. நடுவுல போனா நம்ம மண்டைதான் உடையும்.”

“தினமும் கதவுக்கு வெளிய நிக்கறாங்களே, அவங்க முகத்தை நினைச்சுக்கிட்டுத் தூக்குங்க. டீச்சரைப் பாக்காதீங்க, கண்ணை மூடிக்கோங்க.”

உள்ளே வந்து உட்கார்ந்ததும் கான்ட்ராக்டர் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் தீர்மானத்தைப் படித்ததும், சாமி வந்தவர் போல ஒரே வீச்சில் கையைத் தூக்கினார். சட்டையின் அக்குள் தையல் கிழிந்த சத்தம் அடுத்த தெரு வரை கேட்டது.

மூன்றுக்கு ஒன்று!

நூலகர் நாற்காலியிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பினார். சந்தேகமிருந்தால் மருந்துக்கடைக்காரரைக் கேளுங்கள்.

டீச்சரம்மா சீறவில்லை. மேஜையையும் தட்டவில்லை. கைப்பையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“வேற ஏதாவது பேச வேண்டியது இருக்கா?”

“ஒண்ணுமில்லைங்க டீச்சர். இருந்த ஒரே தகராறும் தீந்துது. இனிமே அடுத்த வருஷம் கூடினாப் போதும்,” என்றார் நூலகர்.

டீச்சரம்மா எழுந்தார். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மற்ற இருவரும் சத்தமில்லாமல் நழுவினார்கள்.

தலைவர் மட்டும் காலி டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“ஜெயிச்சுட்டோம் சார்!”

“கெடுத்துட்டியே தம்பி.”

“என்ன சார் இது? நீங்க கேட்டதுதானே கிடைச்சிருக்கு!”

தலைவர் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் சம்சாரம் இங்க மட்டுந்தான்யா எங்கூடப் பேசுவா.”