அம்மனுக்குப் போன சிப்பு

பந்தல்குடியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் காளீஸ்வரன், முப்பது வருஷத்துக்கு முன் எண்ணெய் டின்னையும் லாரி வைப்பர் மோட்டாரையும் வைத்துத் தான் செய்த கம்ப்யூட்டர் ரோபோவைப் பரணிலிருந்து இறக்கியிருந்தார். காலேஜ் பிள்ளைகளுக்கு ஓட்டிக் காட்ட வேண்டுமாம்.

"எல்லாம் சரியா இருக்கு நாகு. புரோகிராம் எழுதுன சிப்பை மட்டும் புதுசா போடணும்."

ஊரிலிருந்து வந்திருந்த தங்கை நாகஜோதி கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள். அன்றைக்குப் பழைய சிப்பு காணாமல் போனதால்தான், ரோபோவை நடத்திக் காட்டினால் வேலை தருகிறேன் என்ற மெட்ராஸ் கம்பெனிக்கு அண்ணன் போகவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் சீரோடு வந்து நிற்கும்போது அவளால் முகம் பார்க்க முடிந்ததில்லை.

"அண்ணே, அதை எடுத்தது நான்தான். அம்மா செத்த வருஷம். நீயும் போயிட்டா என்ன செய்வேன்னு பயந்து, ஒரு சீட்டுல சுத்தி அம்மன் கோயில் உண்டியல்ல போட்டுட்டேன்."

காளீஸ்வரன் ஸ்க்ரூ முறுக்குவதை நிறுத்தவில்லை.

"'அண்ணன் போகக் கூடாது தாயே'ன்னு எழுதியிருந்தியே, அந்தச் சீட்டா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மறுநாளே உண்டியலைத் திறந்தாக. எண்ண ஆளு பத்தலைன்னு என்னையும் கூப்பிட்டாக. என் கையிலதான் வந்து விழுந்துச்சு."

"அப்பவே கேட்டு வாங்கியிருக்கலாமேண்ணே!"

"அம்மனுக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேப்பாகளா, கழுதை?" என்றார் காளீஸ்வரன். "உண்டியலைப் பூட்டுறதுக்கு முந்தி, மெட்ராஸ்காரன் அனுப்புன லெட்டரையும் அதுலயே போட்டுட்டு வந்தேன்."