ஆணியால் குத்திய துளை

சுவிட்சர்லாந்தில் பேர்போன கடிகாரக் கம்பெனி ஒன்று, தான் அந்தக் காலத்தில் செய்த கடிகாரங்களைத் தேடி வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தது. அங்கே புதிதாக ஒரு கைக்கடிகாரம் வந்து சேர்ந்தது. மலையூர்களில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி ஒருத்தி ஆயுசுக்கும் கட்டியிருந்தது அது. தோல் வார் வியர்வையில் கறுத்துப்போயிருந்தது. அவள் கை மெலிய மெலிய ஆணியால் குத்திய துளைகள் வேறு.

பக்கத்திலிருந்த தங்கமூடிக் கடிகாரம் சிரித்தது. "ஏம்ப்பா, நான் ராஜா சட்டைப்பையில இருந்தவன். உன்மேல என்ன தொங்குது, கிழிஞ்ச கோவணமா? உன் சொந்தக்காரனா?"

கைக்கடிகாரத்துக்கு உடம்பே கூசிப்போயிற்று. "ஐயோ, இல்லீங்க பெரியவரே. வர்ற வழியில எதுவோ ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு."

வார் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "சரிடா, நல்லாயிரு" என்றது. அவ்வளவுதான்.

மறுநாள் வேலையாள் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, முதலைத்தோல் வார் மாட்டினான். தேய்மானம் ஆகக்கூடாதென்று ஓட்டத்தை நிறுத்தி, பார்வைக்கு அழகாக முட்களைப் பத்து மணி பத்து நிமிஷத்தில் வைத்தான்.

கொஞ்ச நாளில் மருத்துவச்சியின் மகள் தேடிக்கொண்டு வந்தாள். "அந்த ஆணித் துளை போதும், அம்மாவோடதைக் கண்டுபிடிச்சிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே பெட்டி பெட்டியாகக் குனிந்து பார்த்தாள். கைக்கடிகாரத்தின் எதிரிலும் நின்றாள். நான்தான் தாயி என்று கூப்பிட அதனிடம் டிக் சத்தம்கூட இல்லை.

"இது யார் கையும் படாதது போலிருக்கு" என்று நகர்ந்துவிட்டாள்.

"யாருப்பா அது, தெரிஞ்சவங்களா?" என்றது தங்கமூடி.

கைக்கடிகாரம் முகத்தை மூடிக்கொள்ளப் பார்த்தது. இரண்டு முட்களும் சிரிக்கிற மாதிரி மேலேயே விரிந்து நின்றன.