கப்பைக் கீழே வைங்கம்மா

"'மாதிரி' வேண்டாம்மா. 'என் மகள்'னே சொல்லுங்க. பார்க்கிறவங்க மனசுல நிக்கும்," என்றான் கினான், கேமராவுக்குப் பின்னாலிருந்து.

ஹைஃபா மறுபடி சொன்னாள். தீமா என் மகள்.

ஜோர்டானின் அம்மான் நகரத்துக் கிழக்கு மலையில், கோழிக்கடை நவாஃபின் வீட்டு முன்னறை அது. நவாஃபும் அவருடைய அண்ணனும் எதிரே கோட்டு போட்டுக்கொண்டு, விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

வசதியில்லாத வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வசதியானவர்கள் வழிகாட்டும் திட்டம். நவாஃபின் மகள் தீமாவுக்கு இரண்டு வருடமாக ஹைஃபாதான் வழிகாட்டி. பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் இப்போது, இந்தத் திட்டத்தால் ஒரு குடும்பத்தில் என்ன மாறியது என்று படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

படமெடுக்க ஆள் தேடியபோது, மகன் கினான் தானே வருகிறேன் என்றான். அவளுக்கு ஆச்சரியம். காட்டிய பெண்களையெல்லாம் வேண்டாம் என்றவன். வரும் வெள்ளிக்கிழமை ஒரு கட்டட முதலாளியின் மகளைக் கேட்டுப் போவதாக இருந்தது. முதலில் படம் முடியட்டும் என்று அதற்கும் பிடிகொடுக்காமல் இருந்தான்.

இன்று என்னவோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான்.

தீமா ஏலக்காய் மணக்கும் காபியை ஊற்றிக் கொடுத்தாள். வழிகாட்டியிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்று கினான் கேட்டான். வாய்ப்பு வரட்டும் என்று காத்திருக்காதே, நீயே அமைத்துக்கொள் என்று மேடம் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாள்.

ஹைஃபாவுக்குக் கண் கலங்கியது. கேமரா நெருங்கி வந்தது. அவள் காபியை உதட்டருகே கொண்டுபோனாள்.

"கப்பைக் கீழே வைங்கம்மா. முகத்தை மறைக்குது."

வைத்தாள்.

பிறகு, காரில் வரும்போது மகன் சொல்லிக்கொடுத்ததைப் பேசினாள். உங்கள் வீடு, எங்கள் வீடு என்ற பேதம் இனி இல்லை. தீமா எங்கள் வீட்டுப் பெண். அதைச் சொல்லத்தான் இன்று மகனோடு வந்திருக்கிறேன்.



நவாஃப் அந்தக் கப்பைப் பார்த்தார். நிறைந்திருந்தது. பெண் கேட்டு வருகிறவர்கள்தான் காபியைத் தொடாமல் கீழே வைப்பார்கள். சம்மதம் கிடைத்த பிறகே எடுத்துக் குடிப்பார்கள்.

வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையசைத்தார்.

"காபியைக் குடிங்கம்மா. நீங்க கேட்டு வந்தது உங்களுக்குத்தான்."

உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள்.

ஹைஃபாவும் இந்த ஊரில் பிறந்தவள்தான். அந்த வார்த்தைக்கு யாரும் அவளுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஐயோ, நான் திட்டத்துக்காகப் பேசினேன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மகனைப் பார்த்தாள். அவன் கேமராவிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. காதுகள் மட்டும் சிவந்திருந்தன.

பேதம் இல்லை என்று இப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். ஆறிப்போன காபியைக் குடித்தாள்.

தீமா கூஜாவோடு குனிந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, அத்தை?"

அந்தச் சொல் அவள் வாயில் புதிதாகத் தெரியவில்லை.