ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம்

“தேத்தண்ணியை மூடி வையுங்கோ, அக்கா. வயரைக் கட்டிப்போட்டு வந்து குடிக்கிறன்.”

போன மாரியில், புயலடித்து ஒழுங்கையே இருண்டு கிடந்த ஒரு பின்னேரம், அறுந்த வயரைக் கட்ட வந்த லைன்மன் பியாட்றிஸிடம் சொன்ன கடைசிப் பேச்சு அது. வீட்டுப் படலையடிக் கரண்ட் போஸ்ற்றில் ஏறியவர் சற்று நேரத்தில் கீழே கிடந்தார். மழையில் கால் வழுக்கிவிட்டது என்று ஊர் சொன்னது. வெள்ளத்தால் பியாட்றிஸுக்குச் செத்தவீட்டுக்கும் போகக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லுவாள். பழைய சோலார் சாமான் எடுக்க அச்சுவேலியிலிருந்து ஓட்டோவில் வந்த மகாதேவிக்கும் சொன்னாள். தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தாள். வேலை முடியக் குடிப்பதாக மகாதேவி சொல்ல, கோப்பையைச் சாசரால் மூடி வைத்தாள்.

பழைய பனல் கோழிக்கூட்டுக்குக் கூரையாகக் கிடந்தது. மகாதேவி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் கேட்டது, சோலார் கரண்டைச் சேர்த்துவைத்து வீட்டுக்குக் கொடுக்கும், கூடத்துச் சுவரில் ஓடிக்கொண்டிருந்த பெட்டியை.

“நல்லா ஓடுற சாமானை ஏன் தங்கச்சி தரவேணும்?”

போன மாரிக்கு முதல், ஸ்பீக்கர் கட்டி விற்றுவந்த வான்காரரிடம் மலிவாக வாங்கியது. எலக்ரீசியன் தேவையில்லை, சுவர்ப் பிளக்கில் செருகினால் வீடு முழுக்க லைற் எரியும் என்றார்கள், எரிந்தது. மகாதேவி அந்த வயரைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு நுனியிலும் செருகும் முள்.

“லைன்மன் வந்த அண்டைக்கு மெயின் சுவிச்சை நிப்பாட்டினீங்களோ, அக்கா?”

“அதை ஏன் நிப்பாட்ட? லைற் நல்லா எரிஞ்சதெல்லோ.”

மகாதேவி வயரைக் கவனமாகக் கீழே விட்டாள். பிறகு, மாரி தொடங்க முதல் உந்தப் பெட்டி சுவரில் இருக்கக்கூடாது என்றாள். பதிலுக்குச் சுவரில் செருகத் தேவையில்லாத புது சோலார் லாம்பு தருவதாகச் சொன்னாள். பழசுக்குப் புதுசு, லாபம்தான் என்று பியாட்றிஸ் சம்மதித்தாள்.

பெட்டியோடு வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய பனலை மகாதேவி சாக்கால் மூடிக் கட்டினாள். வெயில் பட்டால் கழற்றின பனலிலும் கரண்ட் வருமாம்.

“செத்த பாம்புக்கும் பயப்பிடுற ஆள் நீர்,” என்று பியாட்றிஸ் சிரித்தாள்.

மகாதேவி வயரைச் சுற்றி முடித்தாள்.

“றோட்டு லைனிலை கரண்ட் இருக்கேல்லை, அக்கா. அதை நிப்பாட்டிப்போட்டுத்தான் ஏறினவர். உங்கடை வீட்டுப் பெட்டியிலையிருந்து பிளக்காலை லைனுக்குப் போன கரண்ட்தான் அடிச்சது. கால் வழுக்கேல்லை.”

பியாட்றிஸ் பெட்டி இருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தாள். “உமக்கு ஆர் சொன்னது?”

“ஏற முதல் எனக்கு ஃபோன் எடுத்தவர். ‘லைனை நிப்பாட்டியாச்சு, ஒழுங்கையிலை ஒரு வீட்டிலை மட்டும் வெளிச்சம், அந்த அக்கா தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறா, குடிச்சிட்டு வீட்டுக்கு வாறன்’ எண்டவர்.”

மேசையில் மூடிவைத்த தேத்தண்ணி அப்படியே இருந்தது.