புறா சொல்ல வந்த ஆறுதல்

டிரான்ஸ்பார்மரில் ஷாக் அடித்து, அண்டங்காக்காயின் மகள் கீழே செத்துக் கிடந்தாள். ஊர்க் காக்காய்கள் அத்தனையும் கூடிச் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தின. தொண்டை கிழியக் கத்தியவள் தாய்தான்.

கோபுரத்துப் புறா ஒருத்தி பறந்து வந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயரமாக உட்கார்ந்துகொண்டாள்.

“இப்படிக் கத்தினா மனக்காயம் ஆறாதும்மா. கண்ணை மூடுங்க. மூச்சை மெதுவா இழுத்து விடுங்க. துக்கத்தை எப்படி ஆத்திக்கிறதுன்னு நான் சொல்லித் தர்றேன்.”

தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இதை வெறும் அழுகைன்னு நினைச்சியா? அழுதுக்கிட்டேதான், கொன்னது எதுன்னு எங்க குஞ்சுங்களுக்குக் காட்டிக்கிட்டிருக்கோம். இன்னொண்ணு சாகக் கூடாதுன்னு! எங்களைக் கண்ணை மூடச் சொல்ல வந்துட்டே. முதல்ல உன் கண்ணைத் திறந்து, எது மேல உட்கார்ந்திருக்கேன்னு பாருடி!”