லாரி முதுகில் ஓகே

ஒரு லாரியின் முதுகில் ஹாரன், ஓகே, ப்ளீஸ் என்று மூன்று சொற்கள் குடியிருந்தன. புது விளக்கு மாட்ட இடம் பத்தவில்லை, யாராவது ஒருத்தர் அழிந்தாக வேண்டும் என்று பேச்சு.

ஹாரன் ஓகேயைப் பிடித்துக்கொண்டது. "எனக்கு வேலை இருக்கு. ப்ளீஸுக்கு மரியாதை இருக்கு. உனக்கு என்னடா இருக்கு? எந்த ஊரு நீ?"

"அமெரிக்காண்ணே. பேப்பர்காரங்க 'ஆல் கரெக்ட்'ட விளையாட்டா தப்பா எழுதினதுல பொறந்தேன். சரின்னு அர்த்தம், அவ்வளவுதான்."

"வெளாட்டுக்குப் பொறந்த பய."

பெயிண்டர் வந்தார். "நடுவுல இருக்கிறத அழிச்சிடவாண்ணே?"

டிரைவர் யோசிக்கவே இல்லை. "ஓகே" என்றார்.

அழித்து முடித்ததும் பெயிண்டர் காட்டினார். "பாருங்க, போதுமா?"

"ஓகே, ஓகே."

ப்ளீஸ் ஹாரனிடம் மெதுவாகச் சொன்னது: "அவனை அழிக்கவும் அவனேதான் வேண்டியிருக்குண்ணே."