மெஷினா, கையா?

கலையரசனின் இரண்டு கைகளும் மேஜைமேல் விரிந்து கிடந்தன. பக்கத்தில் பெரிய சுத்தியல். கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் சட்டைக் காலர்வரை வழிந்திருந்தது.

"மெஷினா, இவன் கையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு நவநீதா," என்றார் ஜெயக்குமார். "மெஷின்னா நீ ரிப்பேர் பண்ணு. கைன்னா நான் ரிப்பேர் பண்ணிக்கிறேன்."

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் ஜெயக்குமாரின் லாரி ஷெட் அது. லாரி அவருக்குத் தொழில், மெல்லிசைக் குழு அவருக்கு வெறி. நேற்று திருவெள்ளறைத் திருவிழாவில் அவர் உச்சத்தில் பாடும்போது, கலையரசன் வாசித்த பழைய சிந்தசைசர் கீபோர்டு சுருதியை விட்டு வழுக்கிக்கொண்டே போனது. கூட்டத்திலிருந்து பறந்து வந்த கல் ஜெயக்குமாரின் புருவத்தைப் பிளந்தது. தையல் போட்ட இடம் இன்னும் வீங்கியிருந்தது.

"மெஷின் நல்லாத்தாண்ணே இருக்கு," என்றான் கலையரசன்.

"கேட்டியா, அவன் வாயாலேயே சொல்றான்!" என்றார் ஜெயக்குமார். அவருடைய ஆள் பிச்சைமுத்து கலையரசனின் விலாவில் ஓங்கி உதைத்தான். நாற்காலியோடு சரிந்தவன் முனகிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, கைகளை மறுபடி மேஜைமேல் வைத்தான்.

பாலக்கரையில் கீபோர்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் நவநீதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழியைப் போட மெஷின் எதிரிலேயே இருக்கும்போது, அதற்கு வக்காலத்து வாங்குகிறானே இந்தப் பைத்தியக்காரன்!

நவநீதன் மெஷினின் மூடியைக் கழற்றினார். நாற்பது வருஷத்துக்கு முன் ஜப்பானில் செய்த மெஷின். அந்தக் காலத்து மெஷினில் ஒவ்வொரு சுரத்தையும் பிடித்து நிறுத்துவது ஒரு துளி மின்சாரம்தான். உள்ளே சூடு ஏறினால் அந்தத் துளி தடுமாறும். சுருதியும் கூடவே தடுமாறும். அதைச் சமாளிக்கவே அரிசிமணி அளவில் ஓர் உருப்படியை வைத்திருப்பார்கள். சூடு ஒரு பக்கம் இழுத்தால், அது மறுபக்கம் இழுத்துப் பிடிக்கும்.

பெரும்பாலும் அதுதான் செத்துப்போயிருக்கும். நவநீதன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடி, முடி உலர்த்தும் டிரையரால் உள்ளே சூடு காட்டினார்.

சுருதி இம்மியும் அசையவில்லை. இன்னும் கிட்டத்தில் காட்டினார். ஊஹூம். இந்த வயதிலும் இப்படி ஒரு மெஷினா என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. மெஷின்மேல் குற்றமில்லை. இடது ஓரத்தில் சுருதியை வளைக்க ஒரு சக்கரம் உண்டு. யாராவது அதைப் பிடித்து இழுத்திருந்தால்தான் நேற்றைய கூத்து நடந்திருக்கும்.

"என்ன, கையா?" ஜெயக்குமார் சுத்தியலைத் தூக்கிவிட்டார்.

"மெஷின்தாங்கண்ணே!" நவநீதன் அவசரமாக ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கர் ஒயரைச் செருகினார். "காதால கேளுங்க. சூடு ஏறினா எப்படி ஆவுதுன்னு."

ஒரு கட்டை அமுங்கியே நிற்க, இடுக்கில் தீக்குச்சியைச் செருகினார். வலது கை டிரையரைப் பிடித்தது. இடது கை, மெஷின் ஆடாமல் தாங்குவதுபோலப் பின்பக்கம் போய், சுருதி சேர்க்கும் திருகைத் தேடிப் பிடித்தது. ஜெயக்குமார் ஓர் அடி முன்னால் வந்து எட்டிப் பார்த்திருந்தால், அந்தச் சுத்தியல் நவநீதன் மண்டையில்தான் விழுந்திருக்கும். திருகை மெல்லத் திருப்பினார். ஊளையிட்டபடியே சுருதி இறங்கியது.

"இல்லண்ணே, சூட்டுக்கெல்லாம் இது அசையாது..." என்று கலையரசன் எழப் பார்த்தான்.

நவநீதன் மேஜைக்கடியில் அவன் காலைச் செருப்போடு நறுக்கென்று மிதித்தார். "தம்பி சும்மா இரு! அண்ணே, மேடையில இது பக்கத்துல போகஸ் லைட்டு ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

விளக்கம் சொல்லும் ஆசையில் வாய் முந்திவிட்டது. ஜெயக்குமார் மெதுவாகத் திரும்பினார். "லைட்டு வெச்சது யாருடா?"

"நீங்கதான் உங்க மூஞ்சி தெரியணும்னு..." பிச்சைமுத்து முடிப்பதற்குள் சுத்தியல் அவன் முழங்கால் சில்லில் இறங்கியது. தகரக் கூரை அதிர அலறிக்கொண்டு விழுந்தான். ஜெயக்குமார் இன்னொரு தடவையும் அடித்தார். பிறகு ஆட்கள் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சுத்தியலைப் போட்டுவிட்டு, ஜெயக்குமார் தன் துண்டால் கலையரசனின் உதட்டைத் துடைத்தார்.

"உன்னைப் போய் அடிச்சுட்டேனேடா. இந்த விரலுங்க இல்லாட்டி எனக்கு ஏதுடா கச்சேரி? இன்னொருத்தன் ட்ரூப்புல நீ வாசிச்சு நான் பாக்க மாட்டேன். சாவுற வரைக்கும் எங்கூடத்தான்." கண்கூடக் கலங்கிவிட்டது அவருக்கு. "இரு, பிரியாணி வாங்கியாரச் சொல்றேன்," என்று வெளியே போனார். ஷட்டர் இறங்கும் சத்தமும், பூட்டு விழும் சத்தமும் கேட்டன.

நவநீதன் அப்போதுதான் மூச்சு விட்டார்.

"தப்பிச்சே தம்பி," என்றார் தணிந்த குரலில். "மெஷின்ல ஒரு குறையும் இல்ல. பின்னாடி திருகைத் திருப்பினதே நான்தான். நேத்து உன் கை அந்தச் சக்கரத்துல தெரியாம பட்டிருக்கு. அது மட்டும் அவருக்குத் தெரிஞ்சிருந்தா, இந்நேரம் உன் பத்து விரலும் போயிருக்கும்."

கலையரசன், பூட்டிக் கிடந்த ஷட்டரையே பார்த்தான்.

"போயிருந்தா, என்னை வீட்டுக்கு விட்டிருப்பாருண்ணே."